எந்த 0.05?

வணக்கம் அண்ணா,

சிங்கப்பூரில், துவாஸில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆளில்லாமல் ஓடும் சரக்கு வண்டிகளுக்கு மோட்டார் கன்ட்ரோலர் செய்கிறோம். மேட்லேப்பின் சிமுலிங்கில் பிளாக்குகளை இணைத்து மாடல் வரைந்து, அதை நிரலாக மாற்றும் எம்பெடட் கோடர் வழியாக சி நிரல் எடுப்பதுதான் எங்கள் முறை. உள்ளே வரும் மதிப்பை ஓர் எண்ணால் பெருக்கும் கெயின் பிளாக் ஒன்றில், எண்ணுக்குப் பதிலாக 'ஸ்பீட்_கெயின்' என்ற மாறியின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். மேட்லேப்பில் அதன் மதிப்பு 0.35. வெளிவரும் நிரலில் அந்தப் பெயரையே காணோம், 0.35 மட்டும் நிற்கிறது. சீனியரிடம் கேட்டேன். "அது ஆப்டிமைசேஷன், அப்படித்தான் வரும், ஓடுகிறது இல்லையா, விடு" என்றார். பெயரைக் காப்பாற்றுவது அவசியமா? அவசியம் என்றால் எல்லாப் பெயர்களையுமா?

ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்

அன்புள்ள தம்பி,

அவசியம்தான். ஆனால் எல்லாவற்றையும் அல்ல.

உங்கள் சீனியர் சொன்னதில் பிழை இல்லை. எம்பெடட் கோடரில் 'டிஃபால்ட் பாராமீட்டர் பிஹேவியர்' என்ற அமைப்பு, மாற்றாமல் விட்டால், 'இன்லைன்ட்' என்றுதான் இருக்கும். அதாவது, மாறியின் மதிப்பை எடுத்து நிரலில் நேராக எழுதிவிடும். நினைவகம் மிச்சம், கணக்கும் வேகம். சின்ன சிப்புக்கு அது நல்லதுதான். நிரலில் அந்த வரிக்கு மேலே இருக்கும் கமென்ட்டைப் பாருங்கள், பிளாக்கின் பெயர் இருக்கும். நீங்கள் வைத்த மாறியின் பெயர் அங்கே இருக்காது.

பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகக் கட்டடத்தில் குளிர்நீர் பம்புக்கு கன்ட்ரோலர் செய்து கொடுத்தோம். பம்பின் வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக நிலைகொள்ளவே இல்லை. இன்டெக்ரல் கெயினை, அதாவது சேர்ந்துகொண்டே வரும் பிழையைப் பெருக்கும் எண்ணைக் குறைத்தால் சரியாகும் என்று தெரியும். மாடலை வரைந்தவர் விடுமுறையில் இருந்தார். நள்ளிரவில் கையில் இருந்தது சி கோப்பு மட்டும். 0.05 என்று தேடினால் நான்கு இடங்களில் வந்தது. ஒன்று கெயின், ஒன்று ஃபில்டர், ஒன்று டெட்பேண்ட் (சின்ன மாற்றத்தைக் கண்டுகொள்ளாத எல்லை), இன்னொன்று சாம்பிள் டைம் (எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கணக்கு நடக்கிறது என்பது). நான்கும் ஒரே எண். எது எது என்று சொல்ல ஒரு பெயரும் இல்லை. நான் மாற்றியது ஃபில்டரை. பம்பு இன்னும் மோசமாக ஆடியது. சரியான இடத்தைக் கண்டுபிடித்து முடித்தபோது விடிந்துவிட்டது. அடுத்த வாரம் விடுமுறை முடிந்து வந்தவர் மாடலிலிருந்து நிரலை மறுபடி எடுத்தார். என் திருத்தம் அழிந்தது, பம்பு பழையபடி ஆடியது. அந்த இரவுக்குப் பிறகுதான் இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் ஆனேன்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. வெறும் எண்ணாக இருக்கும் மாறியை 'சிமுலிங்க்.பாராமீட்டர்' ஆப்ஜெக்டாக மாற்றுங்கள். அதற்கு ஒரு ஸ்டோரேஜ் கிளாஸ், அதாவது நிரலில் அது எந்த வடிவில் வரவேண்டும் என்று சொல்லும் அமைப்பு கொடுங்கள். 'எக்ஸ்போர்ட்டட் குளோபல்' என்று கொடுத்தால், இன்லைன்ட் அமைப்பு அப்படியே இருந்தாலும், ஸ்பீட்_கெயின் என்ற பெயரிலேயே நிரலில் ஒரு குளோபல் மாறி வரும். 'டிஃபைன்' என்று கொடுத்தால் பெயர் மேக்ரோவாக, அதாவது கம்பைல் செய்யும்போது எண்ணாக மாறிவிடும் பெயராக நிற்கும். படிப்பவருக்குப் புரியும், ஆனால் ஓடும்போது மாற்ற முடியாது. வினாடிக்கு இத்தனை ரேடியன் என்ற வேகத்தை நிமிடச் சுற்றுக்கு மாற்றும் 9.5493 போன்ற மாறாத எண்ணுக்கு அது போதும்.

மொத்த மாடலையும் 'டியூனபிள்' (ஓடும்போது மாற்றக்கூடியது) ஆக்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் எல்லாம் ஒரே பெரிய ஸ்ட்ரக்சருக்குள் போய்விடும். பெயர் வைக்காத பிளாக்குக்குக்கூட 'கெயின்_கெயின்' என்ற மாதிரி ஓர் உறுப்பு முளைக்கும். களத்தில் அளவு சரிசெய்பவர் அந்தக் கூட்டத்தில் உங்கள் கெயினைத் தேடி அலைவார். வண்டி ஓடும்போது யாராவது மாற்றப்போகிற மதிப்பு, சோதிப்பவர் ஆவணத்தோடு ஒப்பிட வேண்டிய மதிப்பு, இவற்றின் பெயர் மட்டும் நிற்கட்டும்.

பெயர் நின்றும் பிடி நழுவுகிற இடங்கள் இரண்டு உண்டு. இவற்றைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

முதலாவது, மேட்லேப் ஸ்கிரிப்டில் செய்யும் கணக்கு. இன்டெக்ரல் கெயினையும் சாம்பிள் டைமையும் ஸ்கிரிப்டிலேயே பெருக்கி, வந்த விடையை மூன்றாவது மாறியில் போட்டு, அதை பிளாக்கில் எழுதுவோம். நிரலுக்குப் போவது விடை மட்டும். அது எதிலிருந்து வந்தது என்ற உறவு அங்கேயே அறுந்துவிடும். அப்புறம் கெயினை எவ்வளவு மாற்றினாலும் மோட்டாருக்குத் தெரியாது. பெருக்கலை பிளாக்கின் பெட்டியிலேயே எழுதி, இரண்டு பாராமீட்டருக்கும் ஸ்டோரேஜ் கிளாஸ் கொடுத்தால் நிரலிலும் அது பெருக்கலாகவே வரும்.

இரண்டாவது, கம்பைலர். மாறியை 'கான்ஸ்ட்' என்று மட்டும் அறிவித்தால், மதிப்பு மாறாது என்று நம்பி கம்பைலர் எண்ணை நேராகக் கட்டளைக்குள் பதித்துவிடலாம். சி கோப்பில் பெயர் இருக்கும், களத்தில் அளவு சரிசெய்யும் கருவி படிக்கும் ஏ2எல் கோப்பில் பெயரும் முகவரியும் இருக்கும், கன்ட்ரோலரின் நினைவகத்தோடு பேசும் எக்ஸ்சிபி நெறிமுறை வழியாக அந்த முகவரியில் புது மதிப்பை எழுதவும் முடியும், ஆனால் வண்டி பழைய மதிப்பிலேயே ஓடும். அதற்கு 'கான்ஸ்ட் வாலட்டைல்' ஸ்டோரேஜ் கிளாஸ் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நினைவகத்திலிருந்து படிக்கச் சொல்லும்.

பெயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நம் லிட்டில் இந்தியாவின் தெக்கா சந்தையை 1982இல் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது மாண்டரின் உச்சரிப்பில் ஜூஜியாவ் என்று பெயர் வைத்தார்கள். மீன் வாங்கப் போனவர்கள் தெக்கா என்றே சொன்னார்கள். 2000இல் அதிகாரபூர்வப் பெயரும் தெக்கா ஆனது. உங்கள் யார்டில் வண்டியைப் பார்த்துக்கொள்பவர்கள் அந்தக் கெயினை என்ன சொல்லிக் குறிப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் போய்க் கேளுங்கள். கே1, கே2 என்று நிச்சயம் சொல்லமாட்டார்கள். அவர்கள் சொல்வதையே மாடலில் வையுங்கள், அதுவே ஏ2எல் வரை போகட்டும்.

சீனியரிடம் வாதம் செய்ய வேண்டாம். உங்கள் சி கோப்பில் 0.35 எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடி, அந்தத் திரையை மட்டும் அவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
அண்ணன்