வாடிக் கணக்குக்கு ஐ7 எதற்கு?

கேள்வி: மண்டபத்தில் இறால், கணவாய் எடுக்கும் வாடியில், அதாவது கொள்முதல் கம்பெனியில், கணக்கு எழுதுகிறேன். எக்ஸெல், டேலி, ஜிஎஸ்டி தளம், மெயில், அப்புறம் ஓய்வு நேரத்தில் கொஞ்சம் யூடியூப். ராமநாதபுரம் கடையில் மூன்று லேப்டாப் காட்டினார்கள். மூன்றிலும் இன்டெல் ப்ராசஸர்: செலரான் என்4020, ஐ3-1215யு இரண்டும் புதியவை, ஐ7-6600யு பழையது. பழையதும் ஐ3-யும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. “ஐ7 கிடைக்கும்போது ஐ3 எதுக்கு?” என்கிறார் மச்சான். எதை வாங்கலாம்?

பதில்: ஐ3-1215யு வாங்குங்கள்.

மச்சான் சொல்வது பாதி சரி. ஒரே தலைமுறையில் வந்த சிப்புகளை வரிசையாக வைத்தால் ஐ3-க்கு மேல் ஐ5, அதற்கு மேல் ஐ7. ஆனால் படகுக்குப் பழைய எஞ்சின் பார்க்கப் போகிறவர் எத்தனை குதிரைத்திறன் என்று மட்டுமா கேட்பார்? எந்த வருஷத்து எஞ்சின் என்றும் கேட்பார் இல்லையா? ப்ராசஸரில் அந்த வருஷம் கோட்டுக்குறிக்குப் பின்னால் இருக்கிறது. 6600 என்றால் ஆறாம் தலைமுறை, 1215 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. அந்த ஐ7 வந்தது 2015-இல். உள்ளே இரண்டே கோர், அதாவது வேலையைப் பிரித்துச் செய்யும் பகுதிகள் இரண்டே. 2022-இல் வந்த இந்த ஐ3-யில் ஆறு கோர்: பெரியது இரண்டு, சின்னது நான்கு. ஆன்டிவைரஸ், அப்டேட் போன்ற பின்னணி வேலைகளைச் சின்னவை பார்த்துக்கொள்ளும். நீங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் எக்ஸெலுக்கும் இணையப் பக்கத்துக்கும் பெரியவை இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் விண்டோஸ். இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு முறையான அனுமதி. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஏதாவது குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்லலாம். ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் வங்கிக் கணக்கும் புழங்குகிற மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

செலரானைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. இரண்டு கோர். பெரும்பாலும் 4 ஜிபி ரேம், எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பு. அப்டேட் இறங்கும் நேரத்தில் டேலியைத் திறந்தால் நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம். மடிக்கணினிகளில் அந்தப் பெயரையே இன்டெல் 2023-இல் கைவிட்டது. பின்னால் வந்த என்100-க்கு நான்கு கோர்; படிவம் நிரப்புவது, மெயில் பார்ப்பது மட்டும் என்றால் அது போதும். உங்களுக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்.

கடையில் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் சிப்பு காட்டி, அதன் எண் 7-இல் தொடங்கினால், மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்று அது சொல்லும். 7320யு-வில் அது 2. அதாவது 2022-இல் வந்த சிப்புக்குள் 2019-ஆம் வருஷத்து வடிவமைப்பு. உங்கள் வேலைக்கு ஓடும். ஆனால் அதில் ரேம் போர்டிலேயே ஒட்டி வரும், பிறகு கூட்ட முடியாது. மூன்றாவது இலக்கம் 3 ஆன 7530யு கைக்கு எட்டுகிற விலையில் வந்தால் தயங்காமல் எடுக்கலாம்.

ஐ5-க்குப் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள். 8 ஜிபி-க்குக் குறைந்து வாங்கவே கூடாது, 16 இருந்தால் நிம்மதி. இரண்டாவது ரேம் ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பத்து டேப் திறந்து, ஒரு எக்ஸெல் ஃபைலும் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிப்பின் முழுப் பெயரும் ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைவிட அதை நம்பலாம்.

இனி நம் கடற்கரைக்கென்று ஒரு விஷயம். போன வருஷம் பாம்பனிலிருந்து ஒரு லேப்டாப் என் மேசைக்கு வந்தது. ப்ராசஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பின்மூடியைக் கழற்றினேன். ஃபேனை ஒட்டிய செம்புத் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மாதிரி தூசி, அதில் உப்பு ஏறி அடை போல உறைந்திருந்தது. ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. ப்ராசஸருக்கு ஒரு குறையும் இல்லை. சூடு வெளியே போக வழியில்லாமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு மூச்சு வாங்கியிருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். அடுக்களையில் உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியும். அதே கசிவுதான் போர்டின் மேலும் நடக்கிறது.

அதனால் இங்கே சூடு குறைந்த சிப்புதான் நல்ல சிப்பு. பெயர் ‘யு’ என்று முடிந்தால் பொதுவாக 15 வாட் கணக்கு. ‘ஹெச்’ என்று முடிந்தால் 45 வாட் அளவில் போகும். சூடு கூடினால் ஃபேன் கூடச் சுற்றும், அத்தனை உப்புக்காற்றையும் உள்ளே இழுக்கும். கேம் விளையாடாதவருக்கு அது எதற்கு?

வாடியில் ஐஸ் பெட்டிக்கும் எடை போடும் இடத்துக்கும் தள்ளி, காற்று நேராக அடிக்காத மூலையில் மெஷினை வையுங்கள். ஈரக்கையோடு தொடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் உங்களுக்கும் வேலை குறைவாகத்தான் இருக்கும். பையில் போட்டு இரண்டு மாதம் மூடி வைக்காமல் வாரம் ஒரு தடவையாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் காயும். ஃபேனைச் சுத்தம் செய்யக் கொண்டுவருவதென்றால் அந்த நாட்களிலேயே வாருங்கள். ஜூன் 15-க்கு மேல் லேப்டாப்பை உங்களால் ஒரு நாள்கூட விட்டுவிட்டுப் போக முடியாது.