ஐவிஏ ஓடும்போது திரும்பச் சூது, புதுக் கடன்: கேள்வி பதில்

இலவசக் கடன் ஆலோசனை நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஐந்தாறு வருடம் மாதாமாதம் கட்டி, மிச்சத்தைத் தள்ளுபடி செய்விக்கிற ஐவிஏ ஒப்பந்தத்துக்குள் இருந்துகொண்டு சூதாடினால் என்ன நடக்கும் என்பது இன்றைய விசயம். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். கேட்டவர்களின் பெயருக்குப் பதிலாக ஊரைப் போட்டிருக்கிறேன்.

ஹரோ, பெயர் வேண்டாம்: அக்கா, ஐவிஏ தொடங்கி ரெண்டு வருசம். மாசம் 280 பவுண் ஒழுங்காகக் கட்டிறன். போன மாரியிலை திரும்பப் போனிலை ஸ்லொட் விளையாடத் தொடங்கி, ஒன்லைன் கொம்பனி ஒண்டிட்டை 3,000 பவுண் லோன் எடுத்திட்டன். ஐவிஏயை நடத்துற சுப்பர்வைசருக்கும் தெரியாது, மனுசிக்கும் தெரியாது. என்ன செய்யிறது?

தம்பி, லோனைப் பிறகு பார்ப்போம். முதலில் காசு போகிற வழியை அடையுங்கோ. கேம்ஸ்டொப்பில் பதிந்தால் பிரித்தானிய உரிமம் உள்ள எல்லா ஒன்லைன் தளமும் உங்களை மறிக்கவேணும். இலவசம். ஆறு மாதமா, ஒரு வருடமா, ஐந்து வருடமா என்று கேட்கும். ஐந்தைப் போடுங்கோ. ஆறு மாதம் போட்டவர்கள் ஏழாம் மாதம் என்னிடம் வந்து நிற்கிறார்கள். அடுத்தது பாங்க் ஆப்பில் உள்ள சூதாட்டத் தடை. அதைக் கழற்ற நினைத்தாலும் பல பாங்குகள் 48 அல்லது 72 மணித்தியாலம் காக்க வைக்கும். சம்பளம் விழுந்த இரவுக்கு அந்த இடைவெளி பெரிய உதவி. பிறகு சூதாட்ட உதவி இலக்கம் 0808 8020 133க்கு எடுங்கோ, 24 மணித்தியாலமும் ஆள் இருக்கும். அரச சுகாதார சேவையான என்எச்எஸ்ஸின் சூதாட்டக் கிளினிக்குக்கு ஜிபி (குடும்ப வைத்தியர்) கடிதம் வேண்டாம், நீங்களே பதியலாம்.

இனி லோன். வழமையான ஐவிஏ நிபந்தனைப்படி 500 பவுணுக்கு மேல் கடன் எடுக்க சுப்பர்வைசரின் எழுத்து அனுமதி வேணும். நீங்கள் அதை மீறிவிட்டீர்கள். அதைவிட மோசம், ஒப்பந்தம் ஏற்கப்பட்ட பிறகு எடுத்த கடன் அதற்குள் வராது. பழைய ஆட்கள் உங்களைத் தொடமுடியாது, ஆனால் இந்தப் புதுக் கொம்பனி கோர்ட் வரை தாராளமாக வரலாம்.

சுப்பர்வைசருக்கு நீங்களே எழுதுங்கோ. வருடாந்த மீளாய்வுக்கு பாங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், அங்கே எல்லாம் வரிவரியாகக் கிடக்கும். நீங்களாகச் சொன்னால் மீறலைச் சரிசெய்ய அவகாசம், தவணையைக் குறைப்பது, கடன் கொடுத்தவர்களிடம் மாற்றத்துக்கு வாக்குக் கேட்பது என்று வழிகள் இருக்கு. மறைத்து, தவணையும் மூன்று மாத அளவுக்குப் பின்தங்கினால் ஒப்பந்தம் முறிகிற நிலைக்குப் போகும். முறிந்தால் பழைய கடன் வட்டியோடு திரும்பி வரும். நீங்கள் கட்டினதில் பெரும்பங்கு நிர்வாகக் கட்டணத்துக்குப் போயிருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

மனுசிக்கும் சொல்லுங்கோ. கூட்டுக் கணக்கு இருந்தால் இன்றைக்கே.

ஈஸ்ட்ஹாம்: ஐவிஏக்கு முதல் 10,000 பவுண் சீட்டைக் கழிவுக்கு எடுத்து கசினோவிலை விட்டிட்டன். இன்னும் எட்டு மாசம் 500 படி கட்டவேணும். எங்கட ஆக்களுக்குள்ளை நடக்கிறதுதானே எண்டு ஐவிஏயிலை காட்டேல்லை. பிழையோ?

பிழை. எடுத்த சீட்டின் மிச்சம் கடன்தான். உங்கள் செலவுப் பட்டியலில் இல்லாத 500 பவுண் மாதாமாதம் எங்கிருந்து வருகிறது? வந்த இடத்தைச் சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

டூட்டிங்: பிள்ளை, நான் கனகாலமாச் சீட்டுப் பிடிக்கிறன். இது கடனில்லை, நம்பிக்கை. பாங்குக்குச் சொல்லுற மாதிரி பவுணுக்கு முப்பது பென்ஸ் தாறன் எண்டு எனக்குச் சொன்னால், மிச்ச ஆக்களுக்கு நான் எங்கை போறது?

அன்ரி, உங்கள் கோபம் நியாயம். சட்டம் அந்த நியாயத்தைப் பார்ப்பதில்லை. வாக்களித்தவர்களின் கடன் தொகையில் 75 சதவீதம் ஆதரவு கிடைத்து ஐவிஏ ஏற்கப்பட்டால், அறிவித்தல் கிடைக்காத நீங்களும் அதற்குக் கட்டுப்பட்டவர். உங்களுக்கு அதில் பங்கு உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கோ. ஐவிஏயில் இருக்கிற பொடியன் களவாக உங்களுக்குத் தருகிற காசு மற்றவர்களுக்குப் போகவேண்டிய காசு. நாளைக்கு அவர் வங்குரோத்தானால், அதற்கு முந்தின ஆறு மாதத்துக்குள் வேண்டுமென்றே உங்களுக்கு முன்னுரிமை தந்து கட்டினதைத் திருப்பிக் கேட்கலாம். நெருங்கிய சொந்தம் என்றால் இரண்டு வருடம் வரை போகும்.

வெம்பிளி: சீட்டுக்கு எழுத்து ஒண்டும் இல்லையே. ஆர் கண்டுபிடிக்கிறது?

பாங்க் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கோ: ஒவ்வொரு முதலாம் திகதியும் ஒரே ஆளுக்கு 500 பவுண், குறிப்பில் ‘சீட்டு’ என்று நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப் குழு வேற. ஐவிஏ கிடைப்பதற்காகப் பொய் சொல்வதும் மோசடியாக மறைப்பதும் 1986ஆம் ஆண்டு இன்சொல்வன்சி சட்டத்தில் குற்றம்.

டூட்டிங்: அப்ப எடுக்காத சீட்டு?

அது சொத்து. அதையும் காட்டவேணும். உங்களோடு கதைத்தால் விடியும் அன்ரி. மற்றவர்களும் காத்திருக்கிறார்கள், வெம்பிளியிலிருந்து மட்டும் இன்னும் மூன்று சீட்டுக் கேள்வி. எல்லாவற்றுக்கும் இதே பதில்.

குரோய்டன்: கேம்ஸ்டொப் போட்டால் பெட்டிங் கடையிலும் மறிப்பினமோ?

இல்லை. கடைகளுக்கு மோசஸ் என்ற தனித் திட்டம், கசினோவுக்கு சென்ஸ்.

இல்போர்ட்: கேம்ஸ்டொப் கசினோவுக்கும் சேர்த்தோ?

மேலே பாருங்கோ.

மிட்சம்: ஐவிஏயிலை இருக்கேக்கை லொத்தரிலை விழுந்தால் எனக்கோ அவைக்கோ?

எதிர்பாராமல் வருகிற பெரிய தொகையை உடனே அறிவிக்கவேணும். பெரும்பாலும் கடன் முழுதும் தீருமட்டும் அவர்களுக்குத்தான். வென்று கடனை அடைக்கலாம் என்ற கணக்கு உங்களிடம் ஓடுகிறது என்றால், நீங்கள் எடுக்கவேண்டிய இலக்கம் ஹரோ தம்பிக்குக் கொடுத்தது.

சவுத்தோல்: ஐவிஏயை விட்டிட்டு வங்குரோத்துக்குப் போனால் சூதாட்டத்துக்கு மறியலோ?

இல்லை. வங்குரோத்துக்குக் காரணமான சூதாட்டம் 2004 வரை குற்றமாக இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். ஆனால் சூதாட்டம் கடனைப் பெருக்கியிருந்தால் 2 முதல் 15 வருடம் வரை கட்டுப்பாட்டு உத்தரவு போடலாம். அந்தக் காலத்தில் 500 பவுண் அல்லது அதற்கு மேல் கடன் கேட்டால் உங்கள் நிலையைச் சொல்லித்தான் கேட்கவேணும், கோர்ட் அனுமதி இல்லாமல் கொம்பனி டிரெக்டராகவும் இருக்கமுடியாது. வங்குரோத்து விண்ணப்பத்துக்கு 680 பவுண். வீடு இல்லை, கடன் 50,000 பவுணுக்குள், மாத மிச்சம் 75க்குள் என்றால் டிஆர்ஓ என்ற கடன் நிவாரண உத்தரவைப் பற்றி முதலில் கேளுங்கோ. 2024 ஏப்ரலில் இருந்து அதற்குக் கட்டணம் இல்லை.

கிளாஸ்கோ: எனக்கும் ஐவிஏதான் நல்லதோ?

ஸ்கொட்லாந்தில் ஐவிஏ இல்லை. அங்கே அதற்குப் பதிலாக டிரஸ்ட் டீட் என்ற ஒப்பந்தம். அங்குள்ள ஆலோசகரிடம் கேளுங்கோ.

ஹேய்ஸ்: இது ஐஎல்ஆரை (நிரந்தர வதிவிட அனுமதியை) பாதிக்குமோ?

குடிவரவு ஆலோசனை சொல்லப் பதிவு வேணும், எனக்கில்லை. பதிவுள்ளவரிடம் போங்கோ.

லூவிஷம்: தெரிஞ்ச அண்ணை ஒராள் கிழமை வட்டிக்குத் தாறார். பாஸ்போர்ட்டை வாங்கி வைச்சிருக்கிறார். பொலிசுக்குப் போனால் எனக்கும் பிரச்சினையோ?

உங்களுக்கு இல்லை. அனுமதி இல்லாமல் வட்டித்தொழில் செய்வது அவருடைய குற்றம், வாங்கினது உங்கள் குற்றமில்லை. 0300 555 2222 சட்டவிரோத வட்டிக்காரர்களைப் பிடிக்கிற பிரிவு, பெயர் சொல்லாமலும் கதைக்கலாம். மிரட்டல் உடனடி என்றால் 999. அவரிடம் இன்னொரு சதமும் வாங்காதேங்கோ.

ஹரோ, திரும்ப: அக்கா, கேம்ஸ்டொப் அஞ்சு வருசம் போட்டிட்டன். சுப்பர்வைசருக்கு என்னெண்டு எழுதுறது?

நீளமாக வேண்டாம், சாட்டும் வேண்டாம். “நான் திரும்பச் சூதாடினேன். இந்தத் திகதியில், இந்த நிறுவனத்திடம், அனுமதி இல்லாமல் 3,000 பவுண் கடன் எடுத்தேன். கேம்ஸ்டொப்பிலும் பாங்க்கிலும் தடை போட்டுவிட்டேன், உதவிக்குப் பதிந்துவிட்டேன். புதிய வரவு செலவுப் பட்டியல் இணைத்திருக்கிறேன். எனக்குள்ள வழிகளை எழுத்தில் தாருங்கள்.” ஆங்கிலத்தில் மாற்றி ஈமெயிலில் அனுப்புங்கோ, கொப்பி வைத்திருங்கோ. கிளினிக்குப் பதிவையும் பட்டியலையும் முதலில் முடியுங்கோ, செய்யாததை எழுதவேண்டாம்.