சென்சார் பொருத்தியும் மின்சாரம் ஏன் மிச்சமாகவில்லை?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஜன்னலோர விளக்குகளுக்குப் பகலொளி சென்சார் பொருத்தி ஓராண்டு ஆகிறது. மேகம் வந்து போகும் நாட்களில் விளக்குகள் அணைந்து அணைந்து எரிகின்றன. எரிச்சலடைந்த யாரோ ஒரு சென்சாரின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார்கள். மின்கட்டணத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. இவற்றைக் கழற்றிவிடலாமா, அல்லது இதைவிடத் தரமான சென்சார் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் அந்த டேப்பை எடுங்கள். கண் மூடப்பட்ட சென்சாருக்கு அறை எந்நேரமும் இருட்டுதான். அதன் பொறுப்பில் உள்ள விளக்குகள் நண்பகலிலும் முழு வீச்சில் எரியும். ஒட்டியவர் விரும்பியதும் அதுவே. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைக்கு மேல் விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வேலை ஓடும்?

இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் சென்சார் காரணமாக இருப்பதில்லை. எந்த அளவில் அணைக்க வேண்டும், எந்த அளவில் ஏற்ற வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைத்த கணக்கில்தான் கோளாறு. மேசையில் 500 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) வேண்டும், விளக்குகள் மட்டும் 400 லக்ஸ் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்த வெளிச்சம் 700-ஐத் தொட்டால் அணைக்கும்படி அமைத்திருந்தால் என்ன ஆகும்? விளக்கு அணைந்தவுடன் 400 கழிந்து 300 லக்ஸ்தான் மிஞ்சும். சென்சார் பதறிப்போய் விளக்கை ஏற்றும், மறுபடி 700, மறுபடி அணைப்பு. அணைக்கும் அளவு 950-க்கு மேல் இருந்தால், அணைந்த பிறகும் 550 லக்ஸுக்குக் குறையாமல் இருக்கும், ஆட்டம் நின்றுவிடும். அத்துடன், அணைப்பதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்கும்படியும் அமையுங்கள். கடந்துபோகும் மேகத்துக்கெல்லாம் விளக்கு பதில் சொல்ல வேண்டியதில்லை.

மங்கலாக்கும் வசதி உள்ள டிரைவர்கள் (எல்இடி விளக்குக்கு மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும் கருவிகள்) இருந்தால் இன்னும் நல்லது. குறைப்பதை மெதுவாகவும் கூட்டுவதைச் சற்று வேகமாகவும் வைத்தால், வெளிச்சம் மாறுவதையே யாரும் கவனிக்க மாட்டார்கள். நம் கண் அப்படிப்பட்டது: விளக்கின் ஒளியைக் கால் பங்காகக் குறைத்தாலும் பாதியாகக் குறைந்ததாகவே அதற்குத் தோன்றும்.

அடுத்து வயரிங். ஜன்னலிலிருந்து உள்நோக்கிச் செல்லும் விளக்குகளை ஒரே சர்க்யூட்டில் இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் எந்த சென்சாராலும் பயனில்லை. ஜன்னலோரம் வெயில் கொட்டும்போது உள்ளே கடைசி மேசை இருட்டாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே கட்டளை எப்படிப் பொருந்தும்? சர்க்யூட்டுகள் ஜன்னலுக்கு இணையாக, வரிசை வரிசையாக ஓட வேண்டும். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதே 2.4 மீட்டர் ஆழம்வரை பகலொளி தாராளமாக வரும். அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 3.6 மீட்டர்வரை ஓரளவு வரும். அதற்கு அப்பால் உள்ள வரிசைகளுக்குப் பகலொளி சென்சார் வீண்செலவு. ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் போதும்.

கூரையில் சென்சார் எதைப் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். அது மேசையைப் பார்க்க வேண்டும். ஜன்னலையோ, மேல்நோக்கி ஒளி வீசும் விளக்கையோ நேராகப் பார்க்கக் கூடாது. அதன் பார்வையில் இருந்த கருநிற மேசைக்குப் பதிலாக வெள்ளை மேசையைப் போட்டாலே கணக்கு மாறிவிடும். எதிரொளிக்கும் ஒளி கூடியதால் அறை பிரகாசமாகிவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும்.

சென்சாரின் அளவைத் திருத்தி அமைப்பதை இரண்டு முறை செய்ய வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். முதல் முறை இரவில்: பகலொளி துளியும் இல்லாதபோது மேசையில் லக்ஸ் மீட்டரை வைத்து, விளக்குகள் 500 லக்ஸ் தரும் நிலையைப் பதியுங்கள். இரண்டாம் முறை பகலில். பக்கவாட்டிலிருந்து வரும் பகலொளி தரையிலும் சுவரிலும் பட்டுக் கூரைக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும். அதனால் மேசையில் இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாக சென்சார் நம்பிவிடும். பகலில் சரிபார்க்காமல் விட்டால் விளக்குகள் தேவைக்கு மேல் மங்கிவிடும். அதன் பிறகு டேப் வருவதில் வியப்பில்லை.

இனி, கட்டணம். ஜன்னலோர வரிசையில் 36 வாட் எல்இடி பேனல் எட்டு இருந்தால் 288 வாட். ஆண்டுக்கு 2,500 மணி நேரம் எரிந்தால் 720 யூனிட். சென்சார் அதில் பாதியை மிச்சப்படுத்தினாலும் 360 யூனிட்தான். ஏசி ஓடும் கட்டிடத்தின் மொத்தக் கட்டணத்தில் அது கண்ணுக்கே தெரியாது. விளக்கு சர்க்யூட்டுக்குத் தனி மீட்டர் வைத்துப் பார்ப்பதே நியாயமான கணக்கு.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினர், வணிகக் கட்டிடங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2012-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அதன்படி, பகலொளிக் கட்டுப்பாட்டால் விளக்கு மின்சாரத்தில் கிடைத்த சராசரி மிச்சம் 28 சதவீதம். விளக்குகளின் உச்ச அளவைத் தேவைக்கேற்பக் குறைத்துவைப்பதால் கிடைத்ததோ 36 சதவீதம்! மங்கலாக்கும் வசதி இருந்தால் இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். இரவில் அளக்கும்போது மேசையில் 650 லக்ஸ் வந்தால், உச்ச அளவை ஏறத்தாழ 77 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள். அன்று முதல் எல்லா நேரமும் மிச்சம்தான். சென்சாருக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது.

திரைகளை மறந்துவிடாதீர்கள். காலை வெயில் கணினித் திரையில் அடிக்கிறது என்று ஒருவர் இறக்கிவிட்ட ஜன்னல் திரை, பல அலுவலகங்களில் ஆண்டு முழுவதும் அப்படியே கிடக்கிறது. மேசைகளை ஜன்னலுக்குப் பக்கவாட்டாகத் திருப்பினால் கண்கூச்சம் பெருமளவு குறையும். ஜன்னலின் மேல் பகுதிக்குத் தனித் திரை போட்டால், கீழே மூடினாலும் மேலிருந்து ஒளி உள்ளே போகும்.

இவ்வளவும் செய்த பிறகு, ஒரு பகல்வேளையில் திரைகளைத் திறந்து, விளக்குகளை அணைத்து, ஜன்னலோர மேசைகளில் அளந்து பாருங்கள். எதிர்க் கட்டிடமோ மரமோ மறைத்து 100 லக்ஸ்கூடத் தேறவில்லை என்றால், அந்தப் பக்கத்து சென்சார்களைத் தயங்காமல் கழற்றிவிடலாம்.