ஹீலியம் அணுக்கற்றைய முகம் பாக்குற மாதிரி கண்ணாடி (மிரர்) வச்சு ஃபோகஸ் பண்ண முடியுமா, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் மாதிரி லென்ஸ் போட்டா என்ன?

முடியும், ஆனா ரொம்ப கஷ்டம். ஹீலியம் அணுவுக்கு சார்ஜ் கிடையாது, அதனால எலக்ட்ரானுக்குப் போடுற லென்ஸ் இதுகிட்ட வேலைக்கு ஆகாது, ஒளிக்குப் போடுற கண்ணாடி லென்ஸும் உதவாது, ஏன்னா ஹீலியம் அணு அதுக்குள்ள புகுந்து போகாம மேற்பரப்புலயே திரும்பிடும். இந்தக் கற்றைய வச்சுப் படம் எடுக்குற ஹீலியம் மைக்ரோஸ்கோப்போட அழகே அதுதான்! எனர்ஜி 0.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கம்மி, சாம்பிள்ல ஒரு கீறல் கூட விழாது.

அப்போ மிரர்தான் வழி. ஆனா சாதாரண பாலிஷ் பத்தாது, இந்த அணுவோட அலைநீளம் 0.05 நானோமீட்டர் சுமாருக்குத்தான் வரும், மேற்பரப்புல ஒரே ஒரு அணு உயரத்துக்கு படி இருந்தாலே அங்க சிதறிடும், அதுக்கு மேல அணுக்கள் சூட்டுல அதிர்றதும் சேர்ந்து கெடுக்கும். 1997ல ஹோல்ஸ்ட், அலிசன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஹைட்ரஜன் பூசின மெல்லிய சிலிக்கான் தகட்டை மின்புலத்தால வளைச்சு கற்றைய சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு குவிச்சாங்க. பெரிய சாதனைதான், ஆனா திரும்பி வந்த அணுக்கள் ரொம்பக் கம்மி. அப்புறம் சிலிக்கான் மேல சில அணு அடுக்கு ஈயம் படிய வச்சப்போ திரும்பி வர்ற பங்கு 67% வரைக்கும் ஏறுச்சு, ருத்தேனியம்ங்கிற உலோகம் மேல வளர்த்த கிராஃபீன்ல (ஒரே அணு தடிமன் கார்பன் படலம்) 20% சொச்சம்தான், இருந்தாலும் காத்துல வெளிய வச்சாலும் கெடாது, சூடு பண்ணினா திரும்ப சுத்தமாயிடும், என்னைக் கேட்டா நடைமுறைக்கு அதுதான் பெட்டர்.

மிச்சமிருக்கிற தலைவலி, அந்தத் தகட்டை சரியான வளைவுல வளைக்கிறது. அதனாலதான் இப்ப ஓடுற ஹீலியம் மைக்ரோஸ்கோப்ல பெரும்பாலும் சின்ன ஓட்டை வழியா கற்றைய விடுறாங்க.