மருத்துவமனை டாக்டருக்கு ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் கிடைத்தால் நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிடுவாரா?

டாக்டரான உங்கள் அண்ணிக்கு ஃபெல்லோஷிப், அதாவது ஆராய்ச்சி செய்வதற்கான உதவித்தொகை, கிடைத்திருக்கிறது, இனி வார்டு பக்கமே வரமாட்டாரோ என்று வீட்டில் கவலைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டாயம் வருவார். நோயாளிகள் இல்லாமல் அந்த ஆராய்ச்சியே கிடையாது.

நான் காரைக்குடிப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறேன். மழை பிடித்துவிட்டால், காய்ச்சலோடு யார் வந்தாலும், புதரில் இருக்கும் சின்ன உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலை, அதாவது ஸ்க்ரப் டைஃபஸை, நினைத்துப் பார்த்தாக வேண்டும். கண்மாய்க் கரையில் விறகு பொறுக்கப் போய்வந்த ஓர் அப்பத்தா ஒரு வாரக் காய்ச்சலோடு வந்தார். “எங்கயாவது புண்ணு இருக்கா அப்பத்தா?” என்றதற்கு, “ஒண்ணுமில்ல தம்பி” என்றார். நர்ஸ் தேடிப் பார்த்தபோது, பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் பீடி நெருப்பு பட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. உண்ணி கடித்த இடம் அது. வலிக்காது என்பதால் அவருக்கே தெரியவில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கில் சரியாகிவிட்டது.

ஆனால் மூச்சுத் திணறலோடு, சிறுநீரகம் பாதித்து வருகிறவர்களுக்கு எதைக் கொடுப்பது? டாக்ஸிசைக்ளினா, இன்னொரு ஆன்டிபயாடிக்கான அசித்ரோமைசினா, இரண்டும் சேர்த்தா? ஐசியூவில் நிற்கிற டாக்டரைத் தூங்கவிடாத கேள்வி இது. வேலூர் சிஎம்சி டாக்டர்கள் முன்னின்று, 7 மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். 28 நாளுக்குள் இறப்பு, 7ஆம் நாளும் தீராத சிக்கல், 5ஆம் நாளும் விடாத காய்ச்சல், இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் இரண்டு மருந்தும் பெற்றவர்களில் 33 சதவீதம். ஒரே மருந்து பெற்றவர்களில் 47, 48 சதவீதம். இறப்பை மட்டும் தனியாக எடுத்தால் வித்தியாசமில்லை. இரண்டுமே பழைய மருந்துகள். எந்தக் கம்பெனி இதற்குச் செலவு செய்யப் போகிறது? பணம் கொடுத்தது இந்தியா அலையன்ஸ். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையும் சேர்ந்து 2008இல் தொடங்கிய அமைப்பு அது. டாக்டர்களுக்கு ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் தருவதும் அவர்களுடைய வேலை.

இந்த மாதிரி ஃபெல்லோஷிப் டாக்டருக்குத் தருவது முக்கியமாக நேரம்தான். எதிக்ஸ் கமிட்டி அனுமதி, நோயாளியிடம் ஒப்புதல், ரத்த மாதிரி, அப்புறம் வீட்டுக்குப் போனவரை 28ஆம் நாள் போனில் பிடிப்பது என்று வேலை நீளும். ஓபி வரிசையையும் ராத்திரி டியூட்டியையும் முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் செய்து தீராது.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து சிக்ரியை, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை, கொண்டுவந்த ஊர் காரைக்குடி. இங்குள்ள அறக்கட்டளைகள் நம்மூர் டாக்டர் ஒருவருக்காவது இப்படி நேரம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அண்ணியிடம் ஒன்று சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை நாள் ஆராய்ச்சிக்கு, எத்தனை நாள் வார்டுக்கு என்பதைச் சேருவதற்கு முன்பே மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். வாய்ப்பேச்சாக விட்டால், டெங்கு சீசன் வந்ததும் ஆராய்ச்சி நாளைத்தான் முதலில் பிடுங்குவார்கள்.