சட்டை கப்பலேறிவிடும், உப்பு ஏறாது

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளாதார முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார் சென்னிமலைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருவர். ஆய்வுப் பொருள், திருப்பூர் பனியன் ஏற்றுமதியும், அதன் சாயக்கழிவு இறங்கிய நொய்யல் ஆறும். வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த வாரம் அவர் பதில்.

பொருளாதாரம் என்றால் பேங்க், பட்ஜெட், பங்குச் சந்தை. ஆற்றுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? (ஒரு வாசகர், சேலம்)

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, அவரும் இதையேதான் கேட்டார். "தண்ணி உப்பாப் போனதுக்குக் காரணம் எனக்கே தெரியும், அதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகோணுமா?" என்றார். காரணம் எல்லோருக்கும் தெரியும்தான். அந்தக் காரணம் சட்டையின் விலையில் ஏன் ஏறவில்லை என்பதுதான் என் பாடம்.

வெளிநாட்டுக்காரன் சாயத்தைக் கூட லேபில் கொடுத்துச் சோதிக்கிறானே, பிறகும் ஆறு எப்படிக் கெட்டது? (ஒரு வாசகி, திருப்பூர்)

நல்ல கேள்வி. என் ஆய்வே இதில்தான் நிற்கிறது. 1994-ல் ஜெர்மனி, அமீன்கள் என்ற, புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள்களை வெளிவிடக்கூடிய அசோ வகைச் செயற்கைச் சாயங்களுக்குத் தடை போட்டது. ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் இங்கே சாயப்பட்டறைகள் சாயத்தை மாற்றின. 1997-க்குள் இந்தியாவும் மொத்தம் 112 சாயங்களைத் தடை செய்திருந்தது. வாங்குகிறவன் கண்டிப்பாக இருந்தால் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அவன் சோதித்தது சட்டையை. பருத்தியில் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்புப் போட வேண்டும். சாதாரண உப்பு, இல்லாவிட்டால் கிளாபர் உப்பு என்கிற சோடியம் சல்பேட், மூட்டை மூட்டையாக. அது துணியில் தங்காது. சாயத்தை ஏற்றிவிட்டு, அலசும்போது தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பு போட்டால் நிறம் தெளியும், உப்பு அப்படியே இருக்கும். அதனால் சட்டை லேபில் முதல் வகுப்பில் பாஸ் ஆகிவிடும். உப்பு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. எந்த நாட்டுச் சுங்க அலுவலகத்திலும் அந்த அணைத் தண்ணீருக்குச் சோதனை கிடையாது.

தினமும் என்னதான் செய்வீர்கள்? (கல்லூரி மாணவர், கரூர்)

எக்செல் பார்ப்பேன். கொஞ்சம் அழுவேன். சரி, விளையாட்டுக்குச் சொன்னேன்.

ஒரு பக்கம் ஏற்றுமதிக் கணக்கு. பின்னல் டி-ஷர்ட்டுக்கு உலகம் முழுக்க ஒரே சுங்கக் குறியீடு, 6109. இன்னொரு பக்கம் ஆற்றில் மாதாமாதம் எடுத்த தண்ணீரின் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு. குடிநீருக்கு 500 வரை நல்லது. சாயக்கழிவுக்கு வைத்த வரம்பு 2,100. ஆற்றில் திருப்பூருக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏற்றுமதி கூடும்போது கூடுகிறதா என்று பார்க்கிறேன்.

எழுத எளிது. ஒரு அலுவலகத்தில் வாங்கிய தாள்களில் ஒரே ஊருக்கு மூன்று விதமான எழுத்துக்கூட்டல் இருந்தது, மழை மாதங்கள் பல காலி. அவற்றைச் சரிசெய்யவே ஒரு கோடை போயிற்று. அப்புறம் மழை இருக்கிறது. நல்ல மழை பெய்த வருடம் எந்த ஆறும் யோக்கியமாகத்தான் தெரியும். அதைக் கழிக்காமல் எதையும் சொல்ல முடியாது.

அங்கே வகுப்பும் எடுக்கிறீர்களாமே? வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நொய்யல் புரியுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பேராசிரியர் பாடம் நடத்துவார், வாரத்துக்கு ஒருமுறை கணக்குப் போட்டுக்காட்டுவதும் தாள் திருத்துவதும் என் வேலை. முதல் வாரம் பக்கத்தில் இருப்பவரின் காலர் லேபிளைப் படிக்கச் சொல்வேன். வங்கதேசம், வியட்நாம், ஹோண்டுராஸ், இந்தியா. அப்புறம் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ 1817-ல் போட்ட கணக்கு. குறிப்பிட்ட அளவு சரக்கைச் செய்ய ஒரு வருடத்துக்கு எத்தனை ஆள் வேண்டும்? துணிக்கு இங்கிலாந்தில் 100 ஆள், போர்ச்சுகலில் 90. ஒயினுக்கு இங்கிலாந்தில் 120, போர்ச்சுகலில் 80. இரண்டிலுமே போர்ச்சுகல் கெட்டி. ஆனாலும் ஒயினில்தான் அது அதிகம் கெட்டி என்பதால், இங்கிலாந்து துணி நெய்து ஒயின் வாங்கினால் இருவருக்கும் லாபம்.

போன வருடம் கடைசி வரிசைப் பையன் ஒருவன் கை தூக்கினான். "இந்த நாலு எண்ணில் ஆறு எதில் இருக்கிறது?" மார்க்கரோடு நின்றேன். எதிலும் இல்லை. அன்றைக்குத் தயார் செய்துபோன மிச்சப் பாடத்தை நடத்தவே இல்லை.

அப்படியானால் ஏற்றுமதியை நிறுத்திவிடலாமா, அம்மணி? (ஒரு விவசாயி, காங்கேயம்)

வேண்டாங்க. எங்கள் சித்தி இருபது வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங். அந்தச் சம்பளத்தில்தான் என் தம்பி படித்தான்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006-ல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2009-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நடக்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை எல்லாம் மூட உத்தரவு. துணி என்ன செய்தது? சாயமேற வேறு ஊர்களுக்கு லாரி ஏறியது. இங்கே பூட்டினால் அழுக்கு அடுத்த ஊருக்குக் குடிபோகும் என்பதை நாடுகளுக்கிடையே நடப்பதாகத்தான் பாடப்புத்தகத்தில் படித்தேன். நம்மூரில் மாவட்டங்களுக்கிடையே நடந்தது. இப்போது உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வைத்துத் தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். செலவு அதிகம். அதைப் பட்டறைக்காரர் தலையில் மட்டும் கட்டிவிட்டு, வாங்குகிறவர் பழைய விலையே கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஐரோப்பாவின் கார்பன் வரி பனியனுக்கும் வருமா? (ஒரு வாசகர், கோவை)

தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்காக இறக்குமதிப் பொருள் மேல் போடும் கட்டணத்தைக் கேட்கிறீர்கள். இப்போதைக்கு இல்லை. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றோடு நிற்கிறது.

அப்பாருவின் கிணறு இப்போது எப்படி? (ஒரு வாசகி, ஈரோடு)

போன முறை ஊருக்கு வந்தபோது பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரோடு கிணற்று மேட்டுக்குப் போனேன். அது எண் காட்டுவதற்குள் அப்பாரு ஒரு கை அள்ளி வாயில் வைத்துவிட்டு, "முன்னைக்கு இப்பப் பரவால்ல" என்றார். மீட்டரும் ஏறக்குறைய அதையே சொன்னது. நோட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்திலேயே இன்னொன்றும் எழுதினேன்: இந்த வருடம் மழை நல்ல மழை.