டைனோசரை எந்த நாளில் படைத்தார்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. வயது 36. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. பத்து வருடமாக எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியிலும் பாடம் எடுத்து வந்தேன். இப்போது எடுக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். வீட்டுக்குப் பின்னால் தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கிறார். போதகர் ஐயா வர முடியாத ஞாயிறுகளில் அப்பாதான் பிரசங்கம் செய்வார். எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபம் தவறிய நாள் எனக்கு நினைவில்லை. வேதத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் மடியில் உட்கார்ந்து படித்ததுதான்.

வார நாட்களில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பரிணாமம் நடத்துவேன். ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்கு, ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்ததைச் சொல்லும் ஆதியாகமம் சொல்லிக் கொடுப்பேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு சேலை, கோயிலுக்கு ஒரு சேலை என்பது மாதிரி இரண்டும் தனித்தனியாக இருந்தன. எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

போன வருடம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், டைனோசரை ஆண்டவர் எந்த நாள்ல படைச்சாரு?" ஆறாம் நாள் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான், "அந்த நாளெல்லாம் நம்ம இருபத்துநாலு மணி நேர நாளா இருக்கணும்னு இல்ல மக்களே, டைனோசர் மனுஷன் வரதுக்கு ரொம்ப கோடி வருஷம் முன்னாலேயே அழிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டேன். பையன் வீட்டில் சொன்னான். அடுத்த வாரம் கமிட்டியில் கூப்பிட்டு, குரங்குப் பாடத்தைக் கோயிலுக்குள் கொண்டுவர வேண்டாம், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றார்கள்.

அதுகூடப் பெரிதில்லை. அன்று ராத்திரி அப்பா கேட்டார்: "நீ அதை நம்புதியா மக்களே?" பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாப்பா" என்றேன். வேதப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். நான்கு மாதம் ஆகிறது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் மகளிடம் சொல்லி அனுப்புகிறார். சாயங்கால ஜெபத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பது அவர் வழக்கம். இப்போது என் பெயர் வருவதில்லை.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. "நான் உம்மை மறுதலிச்சிருந்தா மன்னியும்" என்று படுக்கையில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மனதாரச் சொல்லவில்லையோ என்று தோன்றினால் முதலிலிருந்து சொல்வேன். முப்பது, நாற்பது தடவைகூட ஆகிவிடும். கூட வேலை பார்க்கும் சார் ஒருவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், "ரெண்டுல ஒண்ணைத்தான் டீச்சர் வச்சுக்க முடியும்" என்று சிரிக்கிறார். அப்பாவும் அதையேதான் சொல்கிறார், சிரிக்காமல். இரண்டு பேரும் சொல்வதுதான் சரியா? நான்தான் என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனா?

பெயர் வேண்டாம், விளவங்கோடு வட்டம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்டிருப்பது ஒரு கேள்விதான், ஆனால் உள்ளே இரண்டு இருக்கின்றன. பரிணாமத்தையும் விசுவாசத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியுமா என்பது ஒன்று. ஜெபத்தில் என் பெயர் திரும்ப வருமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் கிடைத்தால் இரண்டாவது தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் நீங்கள் ஆசிரியை. முதல் கேள்வியைத் தட்டிக் கழித்தால் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள். அதனால் அங்கிருந்தே வருகிறேன். நான் இறையியல் படித்தவனில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு நாள் விஷயத்தில் கிறிஸ்தவர்கள் விஞ்ஞானத்துக்குப் பயந்துதான் பின்வாங்கினார்கள் என்று உங்கள் சாரும் நினைக்கலாம், உங்கள் கமிட்டியும் நினைக்கலாம். மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற ஆதிச் சபை அறிஞர் கேட்டிருக்கிறார்: சூரியன் நான்காம் நாளில்தானே வருகிறது, அப்படியானால் முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய அகுஸ்தீனும் அவை நம்முடைய நாட்கள் அல்ல என்றார். வானத்தைப் பற்றியும் பூமியைப் பற்றியும் வெளியில் இருப்பவனுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் கிறிஸ்தவன் வேதத்தின் பேரைச் சொல்லி உளறினால், அப்புறம் உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதை யார் நம்புவார்கள் என்றும் எச்சரித்தார். டார்வினுக்கு ஆயிரத்து நானூறு வருடம் முந்திய எச்சரிக்கை இது. அதற்காக அகுஸ்தீனை டார்வினின் பாட்டனாக்கிவிட வேண்டாம். உலகத்துக்கு ஆறாயிரம் வருடம்கூட ஆகவில்லை என்றுதான் அவரும் நம்பினார். வேதத்தை மதித்த ஒருவர் அதை வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொள்ளாமலும் இருந்திருக்கிறார் என்பதற்காகத்தான் அவரைச் சொல்கிறேன்.

டார்வினின் புத்தகம் 1859இல் வந்தபோது அதை வரவேற்று அவருக்குக் கடிதம் எழுதியவர்களில் சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலிகன் குருவானவர் ஒருவர். அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடிய தாவரவியலாளர் ஏசா கிரே, பிரெஸ்பிட்டீரியன் சபைக்காரர். டார்வினே 1879இல் ஒரு கடிதத்தில், ஒருவர் தீவிரக் கடவுள் நம்பிக்கையாளராகவும் பரிணாமத்தை ஏற்பவராகவும் இருக்க முடியும் என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்று எழுதினார். நீங்கள் வகுப்பில் நடத்தும் மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் ஒரு துறவி. கத்தோலிக்கத் திருச்சபையில் போப் இரண்டாம் ஜான் பால் 1996இல் பரிணாமம் வெறும் ஊகத்தைவிட மேலானது என்றார். மனித மரபணுத் தொகுதியைப் படித்தெடுத்த திட்டத்தின் தலைவராக இருந்த பிரான்சிஸ் காலின்ஸ் சுவிசேஷக் கிறிஸ்தவர். இத்தனை பேரும் தங்களை ஏமாற்றிக்கொண்டார்கள் என்று உங்கள் சார் சொல்லலாம், அது அவர் கருத்து. ஆனால் உயிர்கள் எப்படி மாறி வந்தன என்பதைத்தான் உயிரியல் சொல்கிறது. இதற்கெல்லாம் பின்னால் யாரும் இல்லை என்பது அந்தப் பாடத்துக்கு வெளியே அவர் எடுக்கும் முடிவு.

வயதைப் பற்றிய சந்தேகத்துக்கு நம் மாவட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் தேன் நிறத்தில் துகள்கள் கிடக்கும். மோனசைட் என்ற கனிமம். அதில் இருக்கும் தோரியம் மிக மெதுவாக ஈயமாக மாறிக்கொண்டிருக்கிறது. பாதி மாறுவதற்கே சுமார் 1400 கோடி வருடம் வேண்டும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அந்தத் துகள் எப்போது உருவானது என்று கணக்கிடலாம். நம் மலைப் பாறைகளில் இருக்கும் மோனசைட் பெரும்பாலும் 50, 60 கோடி வருடக் கணக்கைக் காட்டுகிறது, இந்தியாவும் மடகாஸ்கரும் அண்டார்க்டிகாவும் ஒட்டிக் கிடந்த காலம். இந்த மணலையும் ஆண்டவர்தான் படைத்தார் என்று உங்கள் அப்பா நம்புகிறார் அல்லவா? அப்படியானால் மணல் ஏன் பொய் சொல்லப்போகிறது?

வேதத்திலும் ஒன்று பாருங்கள். மிருகங்களைப் பற்றி வரும் இடத்தில் "பூமியானது... பிறப்பிக்கக்கடவது" என்றுதான் இருக்கிறது. பிறப்பிக்கிற வேலை பூமிக்குக் கொடுக்கப்படுகிறது. 139ஆம் சங்கீதத்தில் தாவீது, தான் தாயின் கர்ப்பத்தில் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டதாகப் பாடுகிறார். அதைப் படித்துவிட்டு ஒருவரும் கருவளர்ச்சிப் பாடத்தை எதிர்ப்பதில்லை. ஒரு செல் இரண்டாகி, நான்காகிக் குழந்தையாவதும் உண்மை, ஆண்டவர் உருவாக்கினார் என்பதும் உண்மை என்று சபையார் எல்லோரும் ஏற்கிறார்கள். ஒன்பது மாதத்துக்கு ஏற்பதைக் கோடி வருடத்துக்கு ஏற்பதில்தான் தயக்கம்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் உங்களை ஏமாற்றியவனாவேன். ஒரே மனுஷனாலே பாவமும், பாவத்தினாலே மரணமும் வந்தது என்று ரோமர் 5இல் பவுல் எழுதுகிறார். மனிதன் வருமுன்பே கோடிக்கணக்கான வருடம் உயிர்கள் ஒன்றையொன்று தின்று செத்துக்கொண்டிருந்தன என்றால் அந்த வசனத்தை என்ன செய்வது? அது ஆத்தும மரணத்தைப் பற்றியது என்கிறார்கள் சிலர். ஆதாம் என்பது மனித குலம் முழுவதற்கும் பெயர் என்கிறார்கள் சிலர். எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் இல்லை. உயிருள்ள புழுவுக்குள் முட்டையிட்டு, குஞ்சுகள் அதைத் தின்று வளரும் குளவியை ஓர் அன்பான கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று டார்வின் 1860இல் ஏசா கிரேக்கு எழுதினார். அதற்கு ஒன்பது வருடம் முன்னால்தான் அவருடைய பத்து வயது மகள் ஆனி இறந்திருந்தாள். குளவியைவிட அந்த மரணம்தான் அவரை அதிகம் உலுக்கியது என்று எனக்குத் தோன்றும். அன்பான கடவுள் இருக்கையில் இத்தனை துன்பம் ஏன் என்ற இந்தக் கேள்வியை வேதத்தில் வரும் யோபுவும் கேட்டவர்தான், அதற்குப் பரிணாமம் தேவைப்படவில்லை. இதை நீங்கள் பதிலில்லாமலே கொஞ்ச காலம் சுமக்க வேண்டியிருக்கும்.

சரி, அப்பாவுக்கு வருகிறேன்.

"நீ அதை நம்புதியா" என்று அவர் கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொன்னீர்கள், நல்லது. ஆனால் அவர் கேட்க நினைத்தது அதுவல்ல என்று நினைக்கிறேன். பரிணாமம் என்பது அவருக்கு ஒரு பாடம் இல்லை, பிள்ளை போய்ச் சேரும் பாதை. அந்தப் பாதையில் போகிறவர்களைப் பரலோகத்தில் பார்க்க முடியாது என்று கேட்டு வளர்ந்தவர். உங்கள் "ஆமாப்பா" அவர் காதில் என்னவாக விழுந்திருக்கும்? ஜெபத்தில் உங்கள் பெயர் வராதது தண்டனையாக இருக்கலாம். அந்தப் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் முன்னால் குரல் உடைந்துவிடும் என்பதாலும் இருக்கலாம். இது என் ஊகம்தான், உங்களுக்குத்தான் அவரைத் தெரியும்.

அதனால் மேலே நான் எழுதியதை வெட்டி எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் காட்டாதீர்கள். அகுஸ்தீன், போப் எதுவும் வேண்டாம். (போப்பை ஏற்காத சிஎஸ்ஐ சபை வீட்டில் போப் சொன்னார் என்று ஆரம்பித்தால் இன்னும் நான்கு மாதம் ஆகும்.) அவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு மட்டும் ஒரு வரி பதில் சொல்லுங்கள்: "அப்பா, நான் ஆண்டவரை விட்டுப் போகல்ல." விளக்கம் சேர்க்க வேண்டாம். உடனே பதில் வராவிட்டாலும் அதோடு விடுங்கள்.

அப்புறம் தேனீப் பெட்டிப் பக்கம் போங்கள். 1991, 92இல் புழுக்கள் தண்ணீர்ப்பை போல ஊதிச் செத்த நோய் ஒன்று வந்து தென்னாட்டு நாட்டுத் தேனீக்களைத் துடைத்தெடுத்தது. வைரஸ் நோய். உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அப்போது எத்தனை பெட்டி போயிற்று, எது தப்பியது, தப்பியதிலிருந்து திரும்ப எப்படிப் பெருக்கினார்கள் என்று கேளுங்கள். நோயைத் தாங்கிய கூட்டங்கள் பெருகி, தாங்காதவை மறைந்த கதை அது. உங்கள் வகுப்பறைக்குள்ளும் போகக்கூடிய கதைதான். ஆனால் அவர் சொல்லி முடித்ததும் "இதுதாம்பா இயற்கைத் தேர்வு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவர் "தேனீ தேனீயாத்தானே இருக்கு" என்பார். அந்தப் பதிலில் ஒரு நியாயமும் இருக்கும். நீங்கள் அங்கே போவது அவர் குரலைக் கேட்க.

இனிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. ராத்திரி முப்பது, நாற்பது தடவை மன்னிப்புக் கேட்பதை நான் பக்தியாகவும் பார்க்கவில்லை, அவிசுவாசமாகவும் பார்க்கவில்லை. மனதாரச் சொன்னேனா என்ற சந்தேகம், அதைத் தீர்க்கத் திரும்பச் சொல்வது, உடனே அடுத்த சந்தேகம். எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) பக்தியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும்போது இப்படித்தான் இருக்கும். புராட்டஸ்டண்ட் சபைகளைத் தொடங்கி வைத்த மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்துவிட்டு, ஏதோ விட்டுப்போயிற்று என்று திரும்ப ஓடிவருவார். கேட்டுக்கொண்டிருந்த குருவானவரே சலித்துப்போனார். திரும்பச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது. ஒரே தடவை சொல்லுங்கள். சரியாகச் சொல்லவில்லை என்று மனம் நச்சரிக்கும், நச்சரித்தபடியே கிடக்கட்டும், திரும்பச் சொல்லாதீர்கள். ஆனால் நான்கு மாதமாகத் தூக்கமில்லை என்பதால் இதைக் கடிதத்தில் மட்டும் தீர்க்க நான் முயலமாட்டேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். உளவியல் சிகிச்சையிலும் மருந்திலும் நன்றாகக் குறையக்கூடிய நோய் இது. நேரில் போகும்வரை ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

ஓய்வுநாள் பள்ளிக்காக இப்போது சண்டை போட வேண்டாம், தூக்கம் திரும்பட்டும். அந்தப் பையனை வழியில் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். தன்னால்தான் டீச்சர் வரவில்லை என்று அவனுக்கும் தெரிந்திருக்கும், கேட்டது தப்பில்லை என்று யாராவது அவனிடம் சொல்ல வேண்டும்.

ரப்பர் இலை உதிர்ந்து முடியப்போகிறது. தளிர்விட்டால் தேன்காலம், பெட்டிகளைத் தோட்டத்துக்கு எடுத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் பிடிக்க அப்பாவுக்கு ஆள் தேவைப்படும்.